கேஸ் வெல்டிங் பழகுகிறேன்: சுடரைக் குறைத்தால் டார்ச் ‘பட்’டென்று வெடிக்கிறது, கூட்டினால் தகடு ஓட்டை

புதுச்சுடர் எழுதியது:

வணக்கம். ஆர்க் வெல்டிங் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இப்போது ஆக்ஸி-அசிட்டிலீன் பழக ஆரம்பித்திருக்கிறேன். 1.5 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்து பட் ஜாயின்ட் போடப் பார்க்கிறேன். உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

என்னிடம் இருப்பது: சம அழுத்த டார்ச், 7-ஆம் எண் நாசில் (டார்ச்சின் நுனி), செம்புப் பூச்சுள்ள 1.6 மி.மீ. ஃபில்லர் ராடு (உருக்கி நிரப்பும் கம்பி). இரண்டு ரெகுலேட்டரிலும் 0.14 பார் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு ஆர்க் ஹெல்மெட்டில் இருந்த 11-ஆம் ஷேடு (கருமை அளவு) கண்ணாடியே.

முழுச் சுடரில் வைத்தால் சில விநாடியில் தகடு ஓட்டை. குறைத்தால் டார்ச் வெடித்து அணைகிறது, உருகிய உலோகம் மேலே தெறிக்கிறது. ராடைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்கிறது, இல்லாவிட்டால் நுனியில் உருண்டு திரண்டு சொட்டுகிறது. உருகும் இடத்தில் மத்தாப்பு மாதிரி பொறி வேறு.

கூடவே இரண்டு சந்தேகம். அணைக்கும்போது எந்த வால்வை முதலில் மூட வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழகுவதற்கு மட்டும் அசிட்டிலீனுக்குப் பதில் எல்.பி.ஜி. வைத்துக்கொள்ளலாமா?


ஊதுகுழல் எழுதியது:

நாசில்தான் முதல் குற்றவாளி. 1, 2, 3, 5, 7, 10 என்று போகும் வரிசையில் 7 என்பது 3 மி.மீ. சுமாருக்கான தகட்டுக்கு. ஒவ்வொரு வாயுவும் மணிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் போகும். உங்கள் 1.5 மி.மீ.க்கு 2 அல்லது 3 எடுங்கள். 3-ஆம் எண்ணுக்கு 85 லிட்டர் அளவில்தான் செலவு. அழுத்தம் அதே 0.14 பார் இருக்கட்டும், அதாவது 2 பி.எஸ்.ஐ. நாசில் எண் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் உங்கள் டார்ச்சோடு வந்த தகட்டுத் தடிமன் அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெடிப்பதும் இதே நாசிலால்தான். சுடர் தானாகவே வாயுக் கலவைக்குள் பின்னோக்கி எரிந்துகொண்டு போகப் பார்க்கும். ஆக்சிஜனோடு கலந்த அசிட்டிலீனில் அந்த வேகம் மிக அதிகம். துளையிலிருந்து வாயு அதைவிட வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தால்தான் சுடர் நுனியில் நிற்கும். பெரிய துளையைப் போட்டுவிட்டு வால்வைக் குறைத்தால் வாயு வேகம் விழுகிறது, சுடர் உள்ளே நுழைந்து வெடிக்கிறது. அதனால் மெல்லிய தகட்டுக்குப் பெரிய நாசிலில் சிறிய சுடர் என்பது நடக்காத காரியம். சூடு குறைய வேண்டுமென்றால் நாசிலை மாற்றுங்கள், வால்வைத் திருகாதீர்கள்.

நாசில் மாற்றிய பிறகும் வெடித்தால் பார்க்க வேண்டியவை: நுனி உருகிய உலோகத்தில் தொடுகிறதா, மூலைக்குள் வைத்து வேலை செய்து நாசில் சூடேறிவிட்டதா, துளையில் தெறித்த துணுக்கு அடைத்திருக்கிறதா, நாசில் நட்டு தளர்ந்திருக்கிறதா. அடைப்பை அதற்கான நாசில் கிளீனர் கம்பியால், துளைக்குச் சரியான அளவு பார்த்து, நேராக உள்ளே விட்டு நேராக எடுங்கள். கைக்குக் கிடைத்த டிரில் பிட்டை விட்டால் துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே எரியும்.

அடுத்து கண்ணாடி. 11-ஆம் ஷேடில் உங்களுக்குச் சுடர்தான் தெரியும், உருகிய குளம் தெரியாது. கேஸ் வெல்டிங் முழுக்கக் குளத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. 3 மி.மீ. வரைக்கும் 4 அல்லது 5-ஆம் ஷேடு, பக்கவாட்டில் மூடிய கண்ணாடி. வெயில் கண்ணாடி இதற்குக் கணக்கில்லை.

பொறி பறப்பதற்குக் காரணம் ஆக்சிஜன் அதிகம், அல்லது தகட்டில் துரு, கருப்புச் செதில். இரண்டுமே இருக்கலாம். சுடரை இப்படி அமையுங்கள்: டார்ச்சில் அசிட்டிலீன் வால்வை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து ஸ்பார்க் லைட்டரால் பற்றவையுங்கள் (தீப்பெட்டியும் சிகரெட் லைட்டரும் வேண்டாம், கை நாசிலுக்குப் பக்கத்தில் போகும்). மஞ்சளாகக் கரிப்புகை விட்டு எரியும். புகை நிற்கும் வரைக்கும் அசிட்டிலீனைக் கூட்டுங்கள். சுடர் நுனியை விட்டுத் தாவுகிற நிலைக்கு வந்துவிட்டால் ஒரு துளி குறையுங்கள். இதுதான் அந்த நாசிலுக்கு உரிய சரியான வாயு அளவு. புகை விடும்போதே ஆக்சிஜனைத் திறந்துவிடுவது புதிதாகப் பழகுகிறவர்களின் வழக்கம். பிறகு சுடர் பலவீனமாக நின்று வெடிக்கும்.

இப்போது ஆக்சிஜனை மெதுவாகத் திறங்கள். சுடருக்குள் மூன்று பகுதி தெரியும்: நாசில் நுனியில் பளிச்சென்ற வெள்ளைக் கூம்பு, அதைச் சுற்றி இறகு மாதிரி வெளிறிய பகுதி, வெளியே நீல உறை. இறகு இருக்கும் வரைக்கும் அசிட்டிலீன் அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜனைக் கூட்டக் கூட்ட இறகு சுருங்கிக் கூம்புக்குள் மறையும். மறைந்த அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அதுதான் நியூட்ரல் சுடர், 3,100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதற்கு மேல் திறந்தால் கூம்பு குட்டையாகி, கூர்மையாகி, ‘உஸ்’ஸென்று சீறும். அது எஃகைப் பொசுக்கும். சந்தேகமாக இருந்தால் மறுபடி இறகைக் கொண்டுவந்து மறுபடி மறைய வையுங்கள். வேலை நடுவிலும் இதைச் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாசில் சூடேறும்போது கலவை நகரும்.


இடதுமரை எழுதியது:

டெக்னிக்குக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும் நண்பரே. ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (நெருப்பு குழாய் வழியா பின்னோக்கிப் போறதைத் தடுக்கற சாதனம்) இருக்கா? நீங்க எழுதினதுல அது இல்லையே. இரண்டு ரெகுலேட்டர் வாயிலயும் ஒவ்வொண்ணு, டார்ச் பக்கம் ஒருவழி வால்வு இரண்டு. இது இல்லாம அந்த ‘பட்’ சத்தத்தோட விளையாடாதீங்க. வெறும் ‘பட்’னு வெடிச்சு அணைஞ்சா அது பேக்ஃபயர், உடனே இரண்டு வால்வையும் மூடிட்டுக் காரணம் தேடலாம். வெடிச்சதும் டார்ச்சுக்குள்ள கீச்சுனு விசில் மாதிரி சத்தம் தொடர்ந்தா, இல்ல கைப்பிடி சூடாச்சுன்னா நெருப்பு உள்ள எரிஞ்சிட்டிருக்குனு அர்த்தம். யோசிக்காம டார்ச்சுல ஆக்சிஜனை மூடுங்க, அடுத்து அசிட்டிலீன், அதுக்கப்புறம் சிலிண்டர் வால்வுகள். குழாய்க்குள்ள கரி படிஞ்சிருந்தா அந்தக் குழாயும் அரெஸ்டரும் அதோட சரி, புதுசுதான் மாட்டணும்.

அசிட்டிலீன் அழுத்தம் 1 பாருக்கு (15 பி.எஸ்.ஐ.) மேல ஒருபோதும் போகக்கூடாது. காத்தோ ஆக்சிஜனோ இல்லாமலேயே அது தன்னாலயே சிதைஞ்சு வெடிக்கக்கூடிய வாயு. சிலிண்டருக்குள்ள மட்டும் அதிக அழுத்தத்துல எப்படி நிக்குதுன்னா, உள்ள நுண்துளைப் பொருள் ஒண்ணு நிரப்பி அதுல அசிட்டோன் ஊறியிருக்கும், வாயு அந்த அசிட்டோன்ல கரைஞ்சிருக்கும். அதனாலதான் சிலிண்டரைப் படுக்க வச்சு உபயோகிக்கக்கூடாது, அசிட்டோனே வெளிய வந்துடும். படுக்க வச்சுக் கொண்டு வந்திருந்தா நிமிர்த்தி சில மணி நேரம் விட்டுட்டுத் திறங்க. பெரிய ஹீட்டிங் நாசில் போட்டு வேகமா உறிஞ்சினாலும் அசிட்டோன் வரும். உங்க 2, 3 நாசிலுக்கு அந்தக் கவலை இல்ல.

ஆக்சிஜன் பக்கம் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. மரை இறுகலா இருக்குன்னு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அழுத்தமான ஆக்சிஜன்ல அது தானா பத்திக்கும். எண்ணெய்க் கையோட ரெகுலேட்டரைத் தொடாதீங்க. உடம்புல இருக்கற தூசியை ஆக்சிஜன் வச்சு ஊதவே ஊதாதீங்க, துணி ஆக்சிஜனை ஊறிக்கிட்டு ஒரு பொறியில குப்புனு பிடிக்கும். நைலான், பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்திதான்.

திறக்கிற முறை: ரெகுலேட்டர் மாட்டறதுக்கு முன்னாடி சிலிண்டர் வால்வை ஒரு நொடி திறந்து மூடி வாயில இருக்கற தூசியை வெளியேத்துங்க. மாட்டினதும் ரெகுலேட்டர் திருகு தளர்ந்திருக்கான்னு பாருங்க, அப்புறம்தான் சிலிண்டர் வால்வு. ரெகுலேட்டர் முகப்புக்கு நேரா நிக்காம பக்கத்துல நின்னு, மெதுவா. ஆக்சிஜனைச் சட்டுனு திறந்தா உள்ள அழுத்தம் பாய்ஞ்சு அந்தச் சூடே ரெகுலேட்டர் சீட்டை (உள்ள வால்வு உட்கார்ற இடம்) பொசுக்கும். ஆக்சிஜன் வால்வு முழுசா திறந்திருக்கணும். அசிட்டிலீன் முக்கால் சுற்று போதும், சாவி வால்வு மேலயே இருக்கட்டும், அவசரத்துக்கு ஒரே திருப்புல மூடறதுக்கு. குழாய் நிறம் நாட்டுக்கு நாடு மாறும், அதை நம்பாதீங்க. அசிட்டிலீன் இணைப்பெல்லாம் இடது மரை, நட்டுல வெட்டுக்கோடு இருக்கும். ஆக்சிஜன் வலது மரை. அசிட்டிலீன் பாதையில செம்புக் குழாயோ செம்பு இணைப்போ போடக்கூடாது, உள்ள வெடிக்கிற சேர்மம் உருவாகும். பித்தளை இணைப்புகள் அதுக்குன்னே செஞ்சது, பரவாயில்ல.

எல்லா இணைப்புலயும் கசிவு பார்க்கிற திரவம் தடவுங்க. எண்ணெய்ப்பசை இல்லாததா இருக்கணும். பற்றவைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழாயையும் தனித்தனியா சில விநாடி திறந்து, உள்ள கலந்து நிக்கிற வாயுவை வெளிய விடுங்க. காத்தோட்டமான இடத்துல, பக்கத்துல எந்த நெருப்பும் இல்லாம.

எல்.பி.ஜி. கேட்டீங்க. எஃகை வெல்டு பண்ண அது ஆகாது. அதோட சூடு பெரும்பாலும் வெளியுறையில பரவிக் கிடக்கும், குளத்தைக் காப்பாத்தற உள்சுடர் அசிட்டிலீன் மாதிரி அமையாது. உலோகம் ஆக்சைடாகித் துளைதுளையா வரும். பிரேசிங், சூடேத்தறது, கட்டிங் இதுக்கெல்லாம் நல்லாவே போகும். ஆனா நாசில் வேற, குழாயும் எல்.பி.ஜி.க்கு ஏத்த ரகமா இருக்கணும். அசிட்டிலீனுக்கு மட்டும்னு செஞ்ச குழாயை எல்.பி.ஜி. அரிச்சிடும்.

அணைக்கிறது: முதல்ல அசிட்டிலீன். சுடர் அந்த நொடியே போயிடும்.


நாசில்நாதன் எழுதியது:

இடதுமரை சார் சொன்ன கடைசி வரி தவிர எல்லாம் சரி. ஆக்சிஜனை முதலில் மூடச் சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு: அணையும்போது வெடிக்காது, அசிட்டிலீன் வால்வு கசிந்தால் மூடிய பிறகும் நுனியில் சின்னச் சுடர் நின்று காட்டிக்கொடுக்கும். அசிட்டிலீனை முதலில் மூடினால் கரித்தூசி பறக்காது, எரிபொருள் உடனே நிற்கும். இரண்டு பக்கமும் பேசலாம். உங்கள் டார்ச்சின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள், தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். நெருப்பு டார்ச்சுக்குள் போய்விட்டால் (ஃபிளாஷ்பேக்) மட்டும் விவாதமே கிடையாது, ஆக்சிஜன்தான் முதலில்.

வேலை முடிந்தால்: இரண்டு சிலிண்டர் வால்வையும் மூடி, டார்ச்சில் ஒரு வாயுவைத் திறந்து மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் அந்த வால்வை மூடி, அடுத்ததையும் அப்படியே செய்து, கடைசியாக ரெகுலேட்டர் திருகுகளைத் தளர்த்துங்கள்.

இன்னொன்று. டார்ச் வால்வு மூடியிருக்கும்போது ரெகுலேட்டரின் வெளிப்பக்க மீட்டரைக் கவனியுங்கள். முள் தானாக மேலே ஏறிக்கொண்டே போனால் உள்ளே சீட் போய்விட்டது. அந்த ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள்.


புதுச்சுடர் எழுதியது:

அரெஸ்டர் இரண்டும், 5-ஆம் ஷேடு கண்ணாடியும் வாங்கி மாட்டியாயிற்று. 3-ஆம் எண் நாசிலில் வெடிப்பது நின்றுவிட்டது, குளமும் கண்ணுக்குத் தெரிகிறது. நன்றி.

இப்போதைய சிக்கல்: மேலே பார்க்க வெல்டு வந்தது போல இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்னால் கோடு அப்படியே இருக்கிறது, உருகவே இல்லை. வெல்டு பாதி போவதற்குள் எதிர்முனையில் ஒரு தகடு மற்றதன் மேல் ஏறிக்கொள்கிறது. முடிக்கும் இடத்தில் மட்டும் கண்டிப்பாக ஓட்டை. ராடும் இன்னும் ஒட்டுகிறது.


ஊதுகுழல் எழுதியது:

பட் ஜாயின்டைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டுங்கள். ராடையும் கீழே வையுங்கள். 150 மி.மீ.க்கு 50 மி.மீ. அளவில் தகட்டுத் துண்டுகள் வெட்டி, இரு பக்கமும் செதில் போகச் சாணை பிடியுங்கள். இரண்டு தீச்செங்கல் மேல் இரு முனையும் அமர, நடுவில் அடிப்பக்கம் காலியாக இருக்கட்டும். இரும்பு மேசை மேலேயே வைத்தால் அது சூட்டை உறிஞ்சும். சிமென்ட் தரையில் வைத்தால் தரை வெடித்துத் தெறிக்கும்.

முதல் பயிற்சி வெறும் குளத்தை ஓட்டுவது. வலது கைக்காரர் என்றால் வலமிருந்து இடமாக. நாசில் தகட்டோடு 60 முதல் 70 டிகிரி சாய்ந்து, சுடர் இன்னும் வெல்டு ஆகாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கூம்பின் நுனி தகட்டிலிருந்து 2 முதல் 3 மி.மீ. உயரத்தில். சூடு உச்சத்தில் இருப்பது அங்கேதான். கூம்பே தகட்டைத் தொட்டால் குளம் அழுக்காகும், நாசிலும் வெடிக்கும்.

தகடு சிவந்து, ஆரஞ்சாகி, ஒரு புள்ளியில் ஈரம் பட்டது போல மினுங்கும். அந்த மினுமினுப்பு 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாக விரிந்ததும் நகரத் தொடங்குங்கள். சின்னச் சின்ன அரைவட்டமாகவோ நேராகவோ, எப்படிப் போனாலும் குளத்தின் அகலம் மாறக்கூடாது. அது விரிந்தால் வேகமாகப் போங்கள், சுருங்கினால் மெதுவாக. குளத்தின் நடு லேசாகக் கீழே தாழ்ந்தால் பின்பக்கம் வரைக்கும் உருகிவிட்டது என்று பொருள். தகட்டைத் திருப்பினால் பின்னால் ஒரு மெல்லிய மேடான கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தாழ்வு திடீரென்று ஆழமானால் அடுத்த கணம் ஓட்டை. அப்போது டார்ச்சை மேலே தூக்காதீர்கள், சாய்வைக் குறையுங்கள். 30 டிகிரிக்குப் படுக்கவைத்தால் சூடு தகட்டின் மேல் வழுகிப் போகும், உறையும் குளத்தின் மேலேயே இருக்கும். முடிக்கிற இடத்தில் ஓட்டை விழுவதற்கு மருந்தும் இதுதான். தகட்டின் கடைசி 15 மி.மீ.யில் சூட்டுக்குப் போக இடமில்லை. அங்கே டார்ச்சைப் படுக்கவைத்து, வேகத்தைக் கூட்டி, ராடு இருந்தால் ஒரு துளி அதிகமாகக் கொடுத்துக் குழியை நிரப்பிவிட்டு மெதுவாக எடுங்கள்.

குளத்தின் நிறத்தையும் படியுங்கள். நியூட்ரல் சுடரில் அது தெளிவாக, கண்ணாடிபோல அமைதியாக ஓடும். கலங்கிக் கொதித்தால் அசிட்டிலீன் அதிகம். கார்பன் உள்ளே போகிறது, ஆறியபின் வெல்டு கடினமாகி உடையும். நுரைத்துப் பொறி பறந்தால் ஆக்சிஜன்.

பத்து கோடு ஒரே அகலத்தில் வந்த பிறகு வெளிமூலை ஜாயின்ட். இரண்டு துண்டை கூரை மாதிரி நிறுத்தி விளிம்புகளை ராடு இல்லாமலே உருக்கிச் சேர்ப்பது. அதைச் சுத்தியலால் தட்டி விரித்துத் தட்டையாக்குங்கள். விரிசல் விடாமல் விரிந்தால் உருகல் சரி.

அதற்குப் பிறகு ராடு. இடது நோக்கிய முறையில் ராடு விட்டம் தகட்டுத் தடிமனில் பாதியோடு 1 மி.மீ. கூட்டிக் கொள்வது வழக்கம். 1.5 மி.மீ.க்கு 1.75 வரும், உங்கள் 1.6 சரிதான். பிடிக்கிற முனையை வளைத்து வையுங்கள், கண்ணில் குத்தாது, எந்த முனை சூடு என்பதும் தெரியும். ராடு தகட்டோடு 30 முதல் 40 டிகிரி. அது உருண்டு சொட்டுவது நீங்கள் சுடரால் ராடை உருக்குவதால். ராடை உருக்க வேண்டியது குளம். நுனியைச் சுடரின் வெளியுறைக்குள்ளேயே வைத்துச் சூடாக வைத்திருங்கள், குளத்தின் முன் விளிம்புக்குச் சற்று உள்ளே தொட்டு ஒரு துளி கொடுத்து எடுங்கள், குளம் மறுபடி விரிந்ததும் அடுத்த துளி. தொடாத நேரத்தில் ராடை உறையை விட்டு வெளியே இழுத்தால் சூடான நுனி காற்றில் ஆக்சைடாகி, அடுத்த தடவை அந்த அழுக்கு குளத்துக்குள் போகும். ஒட்டிக்கொள்கிறதென்றால் குளம் சின்னதாக இருக்கிறது, அல்லது குளத்துக்கு வெளியே தொடுகிறீர்கள். ஒட்டினால் இழுக்காதீர்கள், சுடரை ஒரு கணம் அங்கே காட்டினால் விட்டுவிடும்.

இப்போது பட் ஜாயின்ட். பின்னால் உருகாததற்கு நீங்கள் இடைவெளி விடாததும் காரணம். 1 முதல் 1.5 மி.மீ. விடுங்கள், ராடையே நடுவில் வைத்து அளவு பார்த்துக்கொள்ளலாம். ஒரு தகடு மற்றதன் மேல் ஏறுவது வெல்டு ஆறும்போது சுருங்கி முன்னால் உள்ள இடைவெளியை மூடுவதால். அதற்கு டேக் (தகடுகளை அங்கங்கே பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டு) அடிக்க வேண்டும்: முதலில் நடுவில், பிறகு இரு பக்கமும் மாற்றி மாற்றி, 30 முதல் 40 மி.மீ.க்கு ஒன்று. ஒவ்வொரு டேக்கும் சின்னதாக, ஆனால் பின்னால் வரைக்கும் உருகியதாக இருக்க வேண்டும். மேலே மட்டும் ஒட்டிய டேக் சூடு வந்ததும் விட்டுவிடும். டேக் முடிந்ததும் மேடு பள்ளம் இருந்தால் தட்டிச் சமன் செய்துவிட்டு ஓட்டுங்கள். ஓடும்போது குளத்தின் முன்னால் சாவித்துளை போலச் சின்ன இடைவெளி தெரிந்துகொண்டே இருந்தால் பின்பக்கம் உருகுகிறது என்று நம்பலாம்.

சோதிக்க: வெல்டுக்குக் குறுக்கே 25 மி.மீ. பட்டை வெட்டி, வைஸில் வெல்டு தாடைக்குச் சற்று மேலே நிற்கும்படி பிடித்து, பின்பக்கம் வெளியே விரியும் விதத்தில் சுத்தியலால் மடக்குங்கள். வேரில் (வெல்டின் அடிப்பக்கத்தில்) உருகாத கோடு இருந்தால் அங்கேதான் பிளக்கும். பிளந்த முகத்தில் பழைய வெட்டு விளிம்பு அப்படியே தெரிந்தால் சூடு போதவில்லை. சாம்பல் செதில் இருந்தால் ஆக்சைடு.


நாசில்நாதன் எழுதியது:

பயிற்சிக்குத் தகடு பொறுக்கும்போது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஷீட்டை விலக்குங்கள். துத்தநாகப் புகை சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பெயின்ட், குரோம், கேட்மியம் பூச்சும் வேண்டாம். பெட்ரோல், எண்ணெய் இருந்த டப்பா, டிரம் எதையும், கழுவியிருந்தாலும், பழகுவதற்கு எடுக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனரால் தகட்டைத் துடைக்காதீர்கள், சுடரில் நச்சு வாயுவாகும். கம்பி பிரஷும் சாணையும் போதும்.


இடதுமரை எழுதியது:

பட் வந்ததுக்கப்புறம் லேப் (ஒண்ணு மேல ஒண்ணு படிய வச்சது), கடைசியா டீ ஜாயின்ட் (ஒண்ணு மேல இன்னொண்ணு செங்குத்தா நிக்கறது)னு போங்க. டீயில நிக்கிற தகட்டோட விளிம்புதான் முதல்ல உருகி விழும், படுத்திருக்கறதுல சூடு இரண்டு பக்கமும் ஓடிடும். அதனால சுடரைக் கீழ்த்தகடு பக்கம் கூடுதலா காட்டி, ராடை நிக்கிற தகட்டுப் பக்கமா கொடுங்க. மூலைக்குள்ள நாசில் சீக்கிரம் சூடாகும், மறுபடி ‘பட்’ சத்தம் வரும். வந்தா இரண்டு வால்வையும் மூடி, நாசில் ஆறினதும் பற்றவைங்க.

முடிச்சிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரமாவது அந்த இடத்துலயே இருங்க, பொறி எங்கயாவது புகைஞ்சிட்டிருக்கான்னு பார்க்க.